திரிசங்கு நிலையில் சிகாகோ புல்ஸ்

82 ஆட்டங்களில் 40 வெற்றி. அடுத்த பருவத்தில் 39. அதற்கடுத்த பருவத்தில் மீண்டும் 39. என்.பி.ஏ. எனப்படும் அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துப் போட்டியில் சிகாகோ புல்ஸ் அணி கடந்த மூன்று பருவங்களில் எழுதிய கணக்கு இது. மூன்று ஆண்டுகளிலும் ‘பிளே-இன்’ என்னும் நுழைவுச் சுற்றுவரை வந்தது. மூன்று ஆண்டுகளிலும் மயாமி ஹீட் அணியிடமே தோற்று வெளியேறியது. கடைசித் தோல்வி கடந்த ஏப்ரல் 16 அன்று, சொந்த அரங்கிலேயே, 109-க்கு 90 என்ற கணக்கில் நேர்ந்தது.

1990-களில் மைக்கேல் ஜோர்டானின் பெயரைக் கேட்டு இந்த அணியின்மேல் பற்றுக் கொண்ட எத்தனையோ இந்தியர்களுள் நானும் ஒருவன். சிகாகோவில் இரவு ஏழு மணிக்குத் தொடங்கும் ஆட்டம் நமக்குக் கோடையில் அதிகாலை ஐந்தரை, பனிக்காலத்தில் ஆறரை. பால் பாக்கெட் வருவதற்கு முன்பே தொலைக்காட்சியின் முன் அமர்ந்துவிடும் இந்தப் பழக்கம் வீட்டாருக்கு இன்றும் விளங்காத புதிர். ஆறு முறை பட்டம் வென்ற அணிக்காக விழித்திருப்பதில் ஒரு நியாயம் இருந்தது. 2015-க்குப் பிறகு பிளே-ஆஃப் தொடர் ஒன்றைக்கூட வெல்லாத அணிக்காக விழித்திருக்கும்போது, இதைச் சீர்படுத்த என்ன வழி என்று எண்ணாமல் இருக்க முடிவதில்லை. இம்மாதம் தொடங்கவிருக்கும் 2025-26 பருவம் அதற்கான வாய்ப்பைத் தருகிறது என்பதால் இதை எழுதுகிறேன்.

முதலில் இந்த நிலை ஏன் ஆபத்தானது என்பதைச் சொல்லவேண்டும். நம் ஊர் விளையாட்டுச் சங்கங்களுக்குப் பழகியவர்களுக்கு என்.பி.ஏ.வின் ஏற்பாடு விந்தையாகத் தோன்றும். அங்கே கடைசி இடம் பிடிக்கும் அணி கீழ்நிலைப் போட்டிக்குத் தள்ளப்படுவதில்லை. மாறாக, அடுத்த ஆண்டு புதிதாக வரும் இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் ‘டிராஃப்ட்’ நிகழ்வில் அதற்கே முன்னுரிமை கிடைக்கிறது. பிளே-ஆஃபுக்குச் செல்லாத 14 அணிகளிடையே குலுக்கல் நடக்கும். மோசமாக ஆடிய அணிக்கு வாய்ப்பு அதிகம். மேலே இருக்கும் அணிகளுக்குப் பட்டம் வெல்லும் நம்பிக்கை. கீழே இருக்கும் அணிகளுக்கு அடுத்த ஜோர்டான் கிடைப்பாரோ என்ற நம்பிக்கை. நடுவில் இருக்கும் அணிக்கு இரண்டும் இல்லை. வானுலகமும் ஏற்காமல் மண்ணுலகமும் ஏற்காமல் தொங்கிய திரிசங்குவின் நிலைதான் 39 வெற்றி பெறும் அணியின் நிலையும்.

இந்த ஆண்டுக் குலுக்கல் அதைக் கொடூரமாகவே எடுத்துக்காட்டியது. சிகாகோவும் டல்லாஸ் மேவரிக்ஸும் 39 வெற்றி, 43 தோல்வி என்று சமநிலையில் முடித்தன. யார் முன்னே, யார் பின்னே என்பதைத் தீர்மானிக்க ஏப்ரலில் ஒரு சீட்டு எடுக்கப்பட்டது. அதில் டல்லாஸ் வென்றது. அதன் பயனாக முதலிடம் பெறும் வாய்ப்பு டல்லாஸுக்கு ஆயிரத்தில் 18, சிகாகோவுக்கு ஆயிரத்தில் 17 என்று ஆயிற்று. மே மாதம் நடந்த குலுக்கலில் அந்த ஆயிரத்தில் 18 பலித்தது. கூப்பர் ஃபிளாக் என்ற, இந்தத் தலைமுறையின் சிறந்த இளைஞர்களுள் ஒருவராகக் கருதப்படுபவர் டல்லாஸுக்குப் போனார். சிகாகோ 12-ஆம் இடத்தில் தேர்ந்தெடுத்தது.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. 2008-ஆம் ஆண்டில் அதே 1.7 சதவீத வாய்ப்போடு குலுக்கலுக்குப் போன சிகாகோ முதலிடத்தை வென்றது. சிகாகோவிலேயே பிறந்து வளர்ந்த டெரிக் ரோஸைத் தேர்ந்தெடுத்தது. 2011-இல் 22 வயதில் அவர் மிகச்சிறந்த வீரர் விருது பெற்றார்; அணி 62 ஆட்டங்களில் வென்றது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் அவருடைய முழங்கால் தசைநார் கிழிந்தபோது அந்தக் காலம் முடிவுக்கு வந்தது. ஆயிரத்தில் 17 ஒரு முறை வாழ வைத்தது என்பதற்காக, அதையே ஆண்டுதோறும் நம்பிக்கொண்டிருப்பது நிர்வாகம் ஆகாது.

நடுவில் சிக்கியதற்குக் காரணம் துரதிருஷ்டம் மட்டுமா? லோன்சோ பாலின் முழங்காலைக் காரணம் காட்டுபவர்கள் உண்டு. அதில் உண்மையும் உண்டு. 2022 ஜனவரியில் அவர் காயமடைந்தபோது சிகாகோ கிழக்குப் பிரிவின் முன்னணியில் இருந்தது. அதன்பின் இரண்டரைப் பருவங்கள் அவரால் களமிறங்கவே இயலவில்லை. ஆனால் வேர் அதற்கு முன்பே ஊன்றப்பட்டுவிட்டது.

2017-இல் ஜிம்மி பட்லரை மினசோட்டாவுக்கு அனுப்பிவிட்டு, இளைஞர்களைக் கொண்டு அணியை மீண்டும் கட்டுவதாக நிர்வாகம் அறிவித்தது. இரண்டு, மூன்று பருவங்கள் மோசமாகத் தோற்றது. 2020-இல் ஆர்ட்டூராஸ் கார்னிஷோவாஸ் புதிய தலைமைப் பொறுப்பாளராக வந்தார். மறு ஆண்டு மார்ச்சிலேயே பொறுமை தீர்ந்துவிட்டது. 30 வயதை எட்டியிருந்த நிகோலா வூசெவிச் என்ற நடுக்கள வீரருக்காக, இளைஞர் வெண்டெல் கார்ட்டரையும் இரண்டு முதல் சுற்றுத் தேர்வுரிமைகளையும் ஒர்லாண்டோவுக்குக் கொடுத்தார்கள். அவற்றுள் ஒன்றைக் கொண்டு ஒர்லாண்டோ தேர்ந்தெடுத்தவர் ஃபிரான்ஸ் வாக்னர்; இன்று அந்த அணியின் இரு தூண்களில் ஒருவர். அதே கோடையில் டெமார் டிரோசனைப் பெறுவதற்காக இன்னொரு முதல் சுற்று உரிமை சான் அன்டோனியோவுக்குப் போனது. விதைநெல்லைக் குத்திப் பொங்கிய கதை இது. பொங்கிய சோறு ஒரே ஒரு பந்திக்கு வந்தது: 2022 பிளே-ஆஃபில் மில்வாக்கியிடம் ஐந்தே ஆட்டங்களில் தோல்வி.

விதைநெல்லை உண்டதைக்கூட மன்னிக்கலாம். பட்டத்துக்கு அருகில் இருப்பதாக நம்பிய ஒருவர் செய்யக்கூடியதுதான் அது. அதன்பின் வந்த செயலின்மையைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. வீரர் பரிமாற்றத்துக்கான பிப்ரவரிக் கெடு 2022, 2023, 2024 என மூன்று முறை வந்தது. மூன்று முறையும் சிகாகோ எதுவும் செய்யாமல் கைகட்டி நின்றது. சந்தையில் மதிப்போடு இருந்த டிரோசன் 2024 கோடையில் சாக்ரமெண்டோவுக்குப் போனபோது, பதிலாக ஒரு முதல் சுற்று உரிமைகூட வரவில்லை. சாக் லாவீனுக்கு ஐந்து ஆண்டுகளுக்கு 21.5 கோடி டாலர் ஒப்பந்தம் தரப்பட்டது. கடைசியில் கடந்த பிப்ரவரியில் மும்முனைப் பரிமாற்றத்தில் அவரை அனுப்பியபோது கிடைத்த தேர்வுரிமை என்ன தெரியுமா? டிரோசனுக்காகச் சான் அன்டோனியோவிடம் அடகு வைத்த தன் சொந்த உரிமையே திரும்பி வந்தது. அலெக்ஸ் கரூசோ என்ற தடுப்பாட்ட வல்லுநரை ஓக்லஹோமா சிட்டிக்குக் கொடுத்து ஜோஷ் கிடியைப் பெற்றார்கள். உடன் ஒரு தேர்வுரிமையும் கேட்டுப் பெறவில்லை. கரூசோ மறு ஆண்டே அங்கே பட்டம் வென்றார்.

நீண்ட காலமாகத் தோற்பதே மருந்து என்று சொல்லும் ரசிகர்கள் சிகாகோவிலும் உள்ளனர், இங்கே என்னோடு வாட்ஸ்அப்பில் வாதாடுவோரிலும் உள்ளனர். வேண்டுமென்றே தோற்று, முதலிடத் தேர்வைப் பெற்று, ஒரு பெரும் வீரரைச் சுற்றி அணியைக் கட்டுவது என்பது அவர்களது வாதம். நான் இதை ஏற்கவில்லை. காரணம் ஒழுக்கம் சார்ந்ததன்று, கணக்கு சார்ந்தது.

2019 முதல் குலுக்கலின் விதி மாறிவிட்டது. முன்பு கடைசி இடத்து அணிக்கு 25 சதவீத வாய்ப்பு இருந்தது. இப்போது கடைசி மூன்று அணிகளுக்கும் ஆளுக்கு 14 சதவீதம்தான். 2023-இலும் 2024-இலும் டெட்ராய்ட் கடைசியாக வந்தது; இருமுறையும் ஐந்தாம் இடமே கிடைத்தது. 2025-இல் யூட்டா கடைசியாக வந்தது. அதற்கும் ஐந்தாம் இடமே. மூன்று ஆண்டுகள் தொடர்ந்து மிக மோசமான அணிக்கு விதி தரக்கூடிய மிக மோசமான பரிசே கிடைத்திருக்கிறது. பிலடெல்பியா 2013 முதல் மூன்று ஆண்டுகள் இதையே ஒரு கொள்கையாகக் கடைப்பிடித்து, ஒரு பருவத்தில் பத்தே ஆட்டங்களில் வென்றது. ஜோயல் எம்பீட் கிடைத்தார், உண்மைதான். ஆனால் அந்த அணி இன்றுவரை இரண்டாம் சுற்றைத் தாண்டியதில்லை.

சிகாகோவுக்கோ இதில் சொந்த அனுபவமே உண்டு. 1998-இல் ஆறாவது பட்டத்தோடு ஜோர்டானும் பிப்பனும் பயிற்சியாளர் பில் ஜாக்சனும் விலகியபின், அணி பள்ளத்தில் விழுந்தது. 1999-இல் முதலிடத் தேர்வாக எல்டன் பிராண்ட் வந்து, முதல் ஆண்டிலேயே சிறந்த புதுமுக விருதைப் பகிர்ந்துகொண்டார். 2000-01 பருவத்தில் 82-இல் 15 வெற்றி. உடனே பிராண்டை விற்று, பள்ளிப் படிப்பை அப்போதுதான் முடித்த இரு உயரமான இளைஞர்களை நம்பினார்கள். மீண்டும் பிளே-ஆஃப் வாசலை மிதிக்க 2005 ஆயிற்று. தோற்பது எளிது, தோல்வியிலிருந்து எதையாவது விளைவிப்பதுதான் அரிது.

ஓக்லஹோமா சிட்டி தண்டர் அணி எப்படி எழுந்தது என்பதை இங்கே கொஞ்சம் விரிவாகப் பார்க்கவேண்டும். ஏனெனில் எல்லோரும் அதைத் தோல்வியின் வெற்றியாகவே படிக்கிறார்கள். 2019 ஜூலையில் பால் ஜார்ஜ் என்ற நட்சத்திரத்தை லாஸ் ஏஞ்சலிஸ் கிளிப்பர்ஸுக்குக் கொடுத்தார்கள். பதிலாக ஷே கில்ஜியஸ்-அலெக்ஸாண்டர் என்ற, அப்போது ஒரே ஒரு பருவம் ஆடியிருந்த இளைஞர் வந்தார். கூடவே ஐந்து முதல் சுற்று உரிமைகளும் வந்தன. அவ்வுரிமைகளில் ஒன்று 2022-இல் 12-ஆம் இடத்தில் ஜேலன் வில்லியம்ஸாக முளைத்தது. சிகாகோ இந்த ஆண்டு தேர்ந்தெடுத்த அதே 12-ஆம் இடம்.

அதன்பின் அவர்கள் செய்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. என்.பி.ஏ.வில் ஒவ்வோர் அணிக்கும் ஊதிய உச்சவரம்பு உண்டு. ஊதியச் சுமை தாங்காத அணிகள், அதிக ஊதியம் வாங்கும் ஒரு வீரரை யாராவது எடுத்துக்கொண்டால் போதும் என்று தவிக்கும். ஓக்லஹோமா அத்தகைய சுமைகளை ஏற்றுக்கொண்டு, அதற்குக் கூலியாகத் தேர்வுரிமைகளைக் கேட்டது. பிலடெல்பியாவிடமிருந்து அல் ஹோர்ஃபர்டின் ஒப்பந்தத்தை ஏற்று ஒரு முதல் சுற்று உரிமை பெற்றது. மறு ஆண்டு அதே ஹோர்ஃபர்டைப் பாஸ்டனுக்கு அனுப்பி, கெம்பா வாக்கரின் ஒப்பந்தத்தை ஏற்று இன்னொன்று பெற்றது. ஊர்ச் சந்தையில் வண்டி இல்லாதவனின் மூட்டையைச் சுமந்து கூலி வாங்குவதைப் போன்ற எளிய தொழில் இது. இடையில் 22, 24 வெற்றிகளோடு இரு பருவங்கள் கழிந்தன. ஆறாவது ஆண்டில் 68 வெற்றியும் பட்டமும் வந்தன. சுருங்கச் சொன்னால், அவர்களுக்குக் கிடைத்த பெருஞ்செல்வத்தில் பெரும்பகுதி தங்கள் தோல்வியால் வந்ததன்று. பிற அணிகளின் அவசரத்தால் வந்தது.

இறுதிச் சுற்றில் அவர்களோடு ஏழாவது ஆட்டம்வரை போராடிய இந்தியானா பேசர்ஸ் அணியையும் சேர்த்துப் பார்க்கலாம். அடியாழம்வரை விழாமலே எழுந்த அணி என்று அதைப் புகழ்கிறார்கள். ஆனால் அவர்களும் 2022 பிப்ரவரியில் டொமாண்டாஸ் சபோனிஸ் என்ற, 25 வயதே ஆன, ஆல்-ஸ்டார் தகுதி பெற்ற வீரரை விற்றுத்தான் டைரீஸ் ஹாலிபர்ட்டனைப் பெற்றார்கள். நல்ல வீரர் மதிப்போடு இருக்கும்போதே அவரை விட்டுக்கொடுக்கும் துணிவு அங்கே இருந்தது. சிகாகோவிடம் இல்லாதது அதுதான்.

இனி, நான் பொறுப்பில் இருந்தால் என்ன செய்வேன் என்பதற்கு வருகிறேன்.

அணியின் காலம் எது என்பதை முதலில் தீர்மானிப்பேன். கிடி 2002-இல் பிறந்தவர். மட்டாஸ் பூசெலிஸ் 2004. இந்த ஆண்டு 12-ஆம் இடத்தில் வந்த பிரெஞ்சு இளைஞர் நோவா எசெங் 2006. இம்மூவரும் ஒரே நேரத்தில் முழு வலிமை பெறுவது 2028, 2029 வாக்கில்தான். அப்படியென்றால் இந்த ஆண்டு 42 வெற்றியா 34 வெற்றியா என்பது பொருட்டே அன்று. கூட்டுவதாக இருந்தாலும் கழிப்பதாக இருந்தாலும், ஒவ்வொரு முடிவையும் அந்த ஆண்டை மனத்தில் வைத்தே எடுக்கவேண்டும். இதைப் பொதுமக்கள் முன் வெளிப்படையாகச் சொல்லவும் வேண்டும். இதுவரை இந்நிர்வாகம் ‘இளைஞர்களையும் வளர்க்கிறோம், போட்டியிலும் நிற்கிறோம்’ என்று ஆற்றில் ஒரு காலும் சேற்றில் ஒரு காலுமாகவே பேசிவந்திருக்கிறது.

காலத்தை முடிவு செய்தால் வூசெவிச் விஷயம் தானே தீர்ந்துவிடும். 1990-இல் பிறந்த அவர் இன்னும் நேர்த்தியாகப் புள்ளிகள் எடுக்கக்கூடியவர். ஆனால் கூடைக்கு அடியில் எதிரணியைத் தடுக்கும் ஆற்றல் அவரிடம் என்றுமே குறைவு. ஒப்பந்தம் அடுத்த கோடையில் முடிகிறது. இரண்டு இரண்டாம் சுற்று உரிமைகள் கிடைத்தாலும் பிப்ரவரிக்குள் கொடுத்துவிடுவேன். ஐந்தாண்டுகளுக்கு முன் கொடுத்த விலையை நினைத்துக்கொண்டு இன்னும் அதிகம் கேட்பது, நட்டத்தை ஒப்புக்கொள்ள மறுக்கும் வணிகனின் பிடிவாதம்.

கோபி வைட் விஷயம் அத்தனை எளிதன்று. 2019-இல் ஏழாம் இடத்தில் சிகாகோவே தேர்ந்தெடுத்து வளர்த்த பிள்ளை. கடந்த பருவத்தில் ஆட்டத்துக்கு 20 புள்ளிகளுக்குமேல் எடுத்தவர். அவருடைய ஒப்பந்தமும் அடுத்த கோடையில் முடிகிறது. இப்போதைய ஊதியம் குறைவு என்பதால், விதிப்படி அணி இன்று தரக்கூடிய நீட்டிப்புத் தொகை அவருடைய சந்தை மதிப்பை எட்டாது. ஆகவே அவர் சந்தைக்குப் போவார். நல்ல முதல் சுற்று உரிமையும் ஓர் இளைஞரும் கிடைப்பதாக இருந்தால் விற்பேன். இல்லையேல் கோடையில் நியாயமான ஊதியம் கொடுத்து வைத்துக்கொள்வேன். 2000-இல் பிறந்தவர், நம் கணக்குக்கு அதிகம் மூத்தவரும் அல்லர். ஆனால் இரண்டில் ஒன்றைச் செய்யாமல், டிரோசனைப் போல வெறுங்கையோடு வழியனுப்புவது மட்டும் கூடாது.

கெவின் ஹியூர்ட்டர், சாக் காலின்ஸ், அயோ டொசுன்மு ஆகியோரின் ஒப்பந்தங்களும் அடுத்த கோடையிலேயே முடிகின்றன. வூசெவிச்சையும் வைட்டையும் சேர்த்தால் ஐந்து பேர். சம்பளப் பட்டியலில் இத்தனை பெரிய இடம் ஒரே நாளில் காலியாவது எந்த அணிக்கும் அடிக்கடி வாய்ப்பதன்று. அந்த இடத்தில் சுமாரான மூத்த வீரர் இருவரை அமர்த்தி மீண்டும் 39 வெற்றிக்கு வழி செய்துகொள்வார்களோ என்பதே என் அச்சம்.

அதற்குப் பதிலாக ஓக்லஹோமாவின் கூலித் தொழிலைச் செய்யலாம். இன்று அதற்குச் சந்தை முன்னைவிடச் சாதகமாக இருக்கிறது. 2023-இல் வந்த புதிய ஊதிய உடன்பாட்டின்படி, உச்சவரம்பைப் பெருமளவு தாண்டும் அணிகளுக்கு வரி மட்டுமன்றிக் கடுமையான கட்டுப்பாடுகளும் உண்டு: வீரர்களைச் சேர்த்துப் பரிமாற முடியாது, எதிர்காலத் தேர்வுரிமைகள் முடக்கப்படும். இந்தப் பருவத்தில் உச்சவரம்பு ஏறக்குறைய 15.5 கோடி டாலர். அந்தக் கடுமையான எல்லை ஏறக்குறைய 20.8 கோடி. 2024-இல் பட்டம் வென்ற பாஸ்டனே இந்த எல்லைக்கு அஞ்சி, இக்கோடையில் ஜூரூ ஹாலிடேயையும் கிறிஸ்டாப்ஸ் போர்சிங்கிஸையும் விட்டுக்கொடுத்தது. அடுத்த கோடையிலும் சில அணிகள் அதே இக்கட்டில் நிற்கும். அவர்களின் சுமையை ஏற்பதற்கு, காலி இடம் உள்ள ஓர் அணி வேண்டும். அந்த அணி சிகாகோவாக இருக்கட்டும். கூலி முதல் சுற்று உரிமையாக இருக்கட்டும்.

கையிருப்பு ஏற்கெனவே மோசமில்லை. லாவீன் பரிமாற்றத்துக்குப் பின் தன் சொந்த முதல் சுற்று உரிமைகள் அனைத்தும் சிகாகோவிடமே உள்ளன. போர்ட்லாண்ட் தரவேண்டிய ஒன்றும் நிலுவையில் உள்ளது. அந்த அணி 2028-க்குள் பிளே-ஆஃபுக்குச் சென்றால் அது கைக்கு வரும். இவற்றோடு இன்னும் மூன்று, நான்கு சேர்ந்தால், ஆயிரத்தில் 17 என்ற ஒற்றைச் சீட்டை நம்பவேண்டிய தேவை இராது. தேர்வு என்பது எவ்வளவு திறமையானவருக்கும் பாதி குருட்டு ஆட்டம்தான். பட்லரைச் சிகாகோ எடுத்தது முதல் சுற்றின் கடைசியான 30-ஆம் இடத்தில். நான்காம் இடத்தில் எடுத்த பாட்ரிக் வில்லியம்ஸோ ஐந்தாண்டுகளுக்கு 9 கோடி டாலர் ஒப்பந்தம் பெற்றும் இன்னும் தன்னிடம் எதிர்பார்க்கப்பட்ட வீரராக மாறவில்லை. தவறு நேரும் என்று தெரிந்த தொழிலில் முயற்சிகளின் எண்ணிக்கையைக் கூட்டுவதைத் தவிர வேறு உபாயம் இல்லை.

ஆட்டமுறை பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். பில்லி டொனோவனின் பயிற்சியில் கடந்த ஆண்டு சிகாகோ மிக விரைவாக ஆடிய அணிகளுள் ஒன்றாயிற்று. பருவத்தின் கடைசி 20 ஆட்டங்களில் 15-இல் வென்றது. அந்த வெற்றிகளால்தான் டல்லாஸோடு சமநிலைக்கு வந்து குலுக்கலில் பின்தங்கினோம் என்று புலம்புவோர் உண்டு. நான் அவர்களோடு சேரமாட்டேன். பூசெலிஸ் போன்ற ஓர் இளைஞர் வென்று பழகுவதற்கும் ஒரு விலை உண்டு. அவர் சிகாகோவின் புறநகரான ஹின்ஸ்டேலில் வளர்ந்தவர். கூடைப்பந்து ஆடிய லித்துவேனியப் பெற்றோரின் மகன். உயரமும் துள்ளலும் ஒருங்கே அமைந்த அவர் பந்தோடு ஓடிவரும்போது, அதிகாலைத் தூக்கம் போனதற்கு ஈடு கிடைத்துவிடுகிறது.

கிடியைப் பற்றி எனக்கு ஐயமும் உண்டு, மதிப்பும் உண்டு. கடந்த பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரியாக 14.6 புள்ளி, 8.1 ரீபவுண்ட், 7.2 அசிஸ்ட். இத்தகைய முழுமையான கணக்கு எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. கடந்த மாதம் நான்காண்டுகளுக்கு 10 கோடி டாலருக்கு அவரை ஒப்பந்தம் செய்தது சரியே என்பது என் கருத்து. ஆனால் வேகமான எதிராளியைத் தடுப்பதில் அவர் பின்தங்குபவர். ஓக்லஹோமாவே அவரைக் கைவிட்டதற்கு அதுவும் ஒரு காரணம். அவரை நடுவில் வைத்து அணி கட்டுவதானால், அவருக்குப் பின்னால் கூடையைக் காக்கும் உயரமான ஒருவரும், பக்கத்தில் எதிரணியின் சிறந்த ஆட்டக்காரரை மறிக்கும் ஒருவரும் கட்டாயம் வேண்டும். லோன்சோ பாலைக் கிளீவ்லாந்துக்குக் கொடுத்து ஐசக் ஒகோரோவைப் பெற்றது இரண்டாவது தேவைக்குப் பதிலாகலாம். முதலாவதற்கு அணியில் இன்று யாரும் இல்லை. வரும் தேர்வுகளிலும் பரிமாற்றங்களிலும் முதலில் தேடவேண்டியது அவரைத்தான். மேலும் ஒரு புள்ளி எடுப்பவரை அல்ல.

உச்சவரம்பு வீரர்களின் ஊதியத்துக்கு மட்டுமே. பயிற்சியாளர்கள், மருத்துவர்கள், உலகெங்கும் இளைஞர்களைத் தேடிச் செல்லும் தேர்வாளர்கள் ஆகியோருக்கு எவ்வளவு செலவிட்டாலும் எந்த விதியும் தடுக்காது. ஹாஃப்மன் எஸ்டேட்ஸில் ஆடும் விண்டி சிட்டி புல்ஸ் என்ற துணை அணி சிகாகோவுக்கு இருக்கிறது. 18 வயது எசெங் முதன்மை அணியின் ஓரத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு அமர்ந்திருப்பதைவிட, அங்கே இரவுதோறும் 35 நிமிடங்கள் ஆடித் தவறுகள் செய்வது நல்லது. பெரும் பணம் உள்ள அணி, பணத்தால் பெறக்கூடிய நன்மையை இந்த இடங்களில்தான் பெறமுடியும்.

பணம் என்றதும் கடினமான கேள்விக்கு வந்துவிடுகிறோம். ஜெர்ரி ரைன்ஸ்டார்ஃப் தலைமையிலான குழு 1985 முதல் இந்த அணியின் உரிமையாளர். அமெரிக்காவின் மூன்றாவது பெரிய நகரம். யுனைட்டட் சென்டர் அரங்கில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட இருக்கைகள். பல பருவங்களில் பார்வையாளர் எண்ணிக்கையில் சிகாகோவே லீகின் முதலிடம். இருந்தும் தன் வரலாற்றில் ஒரே ஒரு முறைதான், 2012-13 பருவத்தில், இந்த அணி சொகுசு வரி கட்டியிருக்கிறது. 39 வெற்றி பெற்றாலும் அரங்கம் நிரம்புகிறது. ஜோர்டானின் சிலையோடு படம் எடுத்துக்கொள்ள உலகெங்கிலுமிருந்து வருகிறார்கள். எண் 23 பொறித்த சிவப்புச் சட்டை சென்னைக் கடைகளிலும் விற்கிறது. அப்படியிருக்க, ஐந்தாண்டுகள் கழித்துப் பலன் தரக்கூடிய ஓர் ஆபத்தை மேற்கொள்ள உரிமையாளருக்கு என்ன நெருக்கடி? நடுநிலை என்பது ரசிகனுக்குத்தான் திரிசங்கு. கணக்கேட்டுக்கு அது சொர்க்கமே.

இப்போதே வரி கட்டுங்கள் என்று நான் கேட்கவில்லை. இன்றைய அணிக்கு அது வீண். 2028-இல் இளைஞர்கள் முதிர்ந்து ஒவ்வொருவருக்கும் பெரிய ஒப்பந்தம் தரவேண்டி வரும்போது, கட்டுவோம் என்று இன்றே உறுதி கூறவேண்டும் என்பதுதான் என் கோரிக்கை. அந்த உறுதி இல்லாமல் தொடங்கும் எந்தக் கட்டுமானமும், கூரை போடும் நேரத்தில் நின்றுபோகும்.

ஜோர்டான் காலத்தைச் சொல்லி எதிர்வாதம் செய்வோர்க்கும் பதில் உண்டு. அந்த அணி ஒரே மனிதரால் ஒரே நாளில் எழுந்ததன்று. 1984-இல் மூன்றாம் இடத்தில் ஜோர்டான் வந்தார். 1987-இல் தேர்வு நாளன்றே சியாட்டிலோடு ஒரு பரிமாற்றம் செய்து பிப்பனைப் பெற்றார்கள். அதே நாளில் பத்தாம் இடத்தில் ஹோரஸ் கிராண்ட் வந்தார். மறு ஆண்டு, ஜோர்டானின் நெருங்கிய நண்பரான சார்லஸ் ஓக்லியை, அவருக்குப் பிடிக்காது என்று தெரிந்தும், விற்று பில் கார்ட்ரைட் என்ற நடுக்கள வீரரைப் பெற்றார்கள். முதல் பட்டம் வந்தது 1991-இல். உலகின் மிகச்சிறந்த ஆட்டக்காரர் கையில் இருந்தும் ஏழு ஆண்டுகள்.

இந்தப் பருவத்தின் பரிமாற்றக் கெடு வரும் பிப்ரவரி 5. இந்திய நேரப்படி 6-ஆம் தேதி அதிகாலை ஒன்றரை மணி. அன்று நான் வெற்றி, தோல்விப் பட்டியலைப் பார்க்கப்போவதில்லை. வூசெவிச் இன்னும் சிகாகோவில்தான் இருக்கிறாரா, வைட்டுக்கு என்ன விலை கேட்டார்கள், எத்தனை புதிய முதல் சுற்று உரிமைகள் வந்து சேர்ந்தன என்ற மூன்றை மட்டும் பார்த்துவிட்டுப் படுக்கப் போவேன்.